எபிசோட் 41: பாதி கேஸ் மட்டும் முடியுற க்ரைம் நாவல்

டானா ஃப்ரெஞ்ச் எழுதின 'இன் தி வுட்ஸ்' நாவலைப் பத்திப் பேசச் சொல்லிக் கேட்டவங்க ரெண்டு கட்சியா இருக்கீங்க. ஒரு கட்சிக்கு அது வாழ்நாள் புத்தகம். இன்னொரு கட்சி, கடைசிப் பக்கத்தை முடிச்சுட்டு புத்தகத்தைச் சுவத்துல எறியலாம்னு யோசிச்ச கட்சி. 2007-ல் வந்த நாவல், அடுத்த வருஷமே சிறந்த முதல் நாவலுக்கான எட்கர் விருது வாங்கியது. ஆனாலும் சண்டை இன்னும் ஓயலை.

ஸ்பாய்லர் உண்டு. கொலையாளி யாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா எந்தக் கேள்விக்கு விடை கிடைக்காதுங்கிறதைச் சொல்லாம இன்னைக்குப் பேசவே முடியாது.

அயர்லாந்து, 1984 கோடைக்காலம். டப்ளினுக்கு வெளியே நாக்னாரீன்னு ஒரு கற்பனை ஊர். 12 வயசுப் பிள்ளைங்க மூணு பேர் பக்கத்துக் காட்டுக்குள்ள விளையாடப் போறாங்க. ஒருத்தன் மட்டும் கிடைக்கிறான். மரத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், ஷூவுக்குள்ள ரத்தம், என்ன நடந்ததுன்னு துளி ஞாபகமில்லை. ஜேமி, பீட்டர் ரெண்டு பேரும் கிடைக்கவே இல்லை. இருபது வருஷம் கழிச்சு, பேரை மாத்திக்கிட்ட அந்தப் பையன்தான் கொலை வழக்குகளைப் பார்க்கிற டிடெக்டிவ் ராப் ரையன். நெடுஞ்சாலை வரப்போகுதுன்னு அதே காட்டுப் பக்கம் தொல்லியல் அகழாய்வு நடக்குது. அந்த இடத்துல 12 வயசு கேட்டி டெவ்லினோட உடல் கிடைக்க, வழக்கு ராப் கைக்கு வருது. தான் யாருன்னு அதிகாரிகள்கிட்ட மறைச்சுட்டு விசாரிக்கிறான். கூட வேலை பார்க்கிற கேஸி மேடக்ஸுக்கு மட்டும் உண்மை தெரியும்.

இங்கதான் நம்ம வாசிப்புப் பழக்கம் வேலை செய்யுது. ராஜேஷ்குமார் நாவல் படிச்சு வளர்ந்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ரெண்டு டிராக் தனித்தனியா ஓடுச்சுன்னா, கிளைமாக்ஸ்ல ரெண்டும் வந்து ஒட்டணும். ஃப்ரெஞ்சும் ஒட்டப்போற மாதிரியேதான் கொண்டுபோறாங்க. கேட்டி கிடந்த இடத்துக்கிட்ட, ஜேமியோடது மாதிரியே ஒரு ஹேர் கிளிப். உடல் கிடந்த கல்லுல பழைய ரத்தத் தடம். நாம நிமிர்ந்து உட்கார்றோம்.

கேட்டியின் வழக்குக்கு விடை கிடைக்குது. 1984-க்கு? ஒண்ணுமே இல்லை. புத்தகம் முடிஞ்சுபோச்சு.

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' 1926-ல் வந்தப்பவும் ஏமாத்திட்டாங்கன்னு சத்தம் எழுந்தது. ஆனா அங்கே விடை இருந்தது. விடையை ஒளிச்ச விதம் நியாயமாங்கிறதுதான் தகராறு. இங்கே விடையே இல்லை. அதனால கோபம் வேற மாதிரி. டிக்கெட்டை யாரோ 'மறுபடி வரவைக்க முடியலை'ன்னு எழுதி மூடிட்டுப் போனா, பக் ரிப்போர்ட் பண்ணினவருக்கு எப்படி இருக்கும்? ஐ.டி.யில இருக்கிறவங்களுக்குப் புரியும்.

என் கட்சி எதுன்னா, அந்த முடிவு சரிங்கிற கட்சி. ஃப்ரெஞ்ச் அடிப்படையில் நடிகை. நாடகங்களுக்கு நடுவுல ஒரு அகழாய்வுல வேலை பார்த்தப்போ, பக்கத்துல இருந்த காட்டைப் பார்த்துத்தான் இந்தக் கதை தோணுச்சுன்னு பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. மூணு பிள்ளைங்க உள்ளே போய் ஒருத்தன் மட்டும், அதுவும் ஞாபகமில்லாம, வெளியே வந்தா அவன் என்ன ஆவான்? அங்கிருந்துதான் ஆரம்பம். காணாமப்போன ரெண்டு பேரைவிட, திரும்பி வந்தவன்தான் கதை.

அந்தக் கண்ணோட யோசிச்சுப் பாருங்க. 1984-ஐத் தேடி ஓடினதாலதான் ராப் கேட்டியின் வழக்குல சறுக்குறான். அந்தச் சறுக்கலால, முக்கியக் குற்றவாளிக்குக் கிடைக்கவேண்டிய தண்டனை கிடைக்காமப் போகுது. கேஸியோட நட்பும் உடையுது. கடைசி அத்தியாயத்துல ஞாபகம் டக்குனு திரும்பியிருந்தா? சரி, இவ்வளவும் போனாலும் ஒண்ணு கிடைச்சுதேன்னு நாம சமாதானமாகியிருப்போம். கேட்டிக்குப் பண்ணின துரோகம்கூடச் சின்னதாத் தெரிஞ்சிருக்கும். ஃப்ரெஞ்ச் அந்த வசதியை நமக்குத் தரலை. நிஜத்துலயும் பிள்ளையைத் தொலைச்ச பல வீடுகளுக்குக் கடைசி அத்தியாயம் வர்றதே இல்லையே.

அதுக்காக எரிச்சலானவங்களை 'உங்களுக்கு இலக்கியம் புரியலை'ன்னு ஒதுக்குறது அராஜகம். ஆரம்பத்துலயே ராப் தான் பொய் சொல்றவன்னு ஒத்துக்கிறான், உண்மைதான். ஆனா ஹேர் கிளிப்பைக் காட்டினது புத்தகம்தானே? காட்டுல ஒரு ராத்திரி தங்கப்போய், ஞாபகம் இதோ வந்துடுச்சுங்கிற எல்லைவரைக்கும் நம்மை இழுத்ததும் புத்தகம்தானே? பசியைக் கிளப்பிட்டு இலையை எடுத்தா கோபம் வரத்தான் செய்யும். கடைசி மூணில் ஒரு பங்குல அந்தத் தூண்டிலைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்ங்கிறது என் கணக்கு.

இன்னொண்ணு. அடுத்த பாகத்துல விடை இருக்கும்னு நம்பி 'தி லைக்னஸ்' வாங்கிடாதீங்க. 2008-ல் வந்த அந்த நாவல் கேஸி சொல்ற கதை, வழக்கே வேற. 2016-ல் வந்த 'தி ட்ரெஸ்பாஸர்' வரைக்கும் அந்த வரிசையில மொத்தம் ஆறு நாவல். ஆறுலயும் ஜேமிக்கும் பீட்டருக்கும் என்ன ஆச்சுன்னு வரலை. வேற காரணத்துக்காக வாங்குங்க: கேஸியோட குரல் ராப்பைவிட எனக்குப் பிடிச்சிருந்தது.