மனை பற்றிய முதுமொழிகள் மெய்யா?

பழமொழிக்கு முதுமொழி என்றும் பெயருண்டு. முதியோர் சொல் பொய்யாது என்பது நம்மவர் நம்பிக்கை. வகுப்பறையிலே பழமொழிக்குப் பொருள் கேட்டுப் புள்ளி வழங்குவது என் தொழில். ஆயினும் அதனை மெய்யோ பொய்யோ என்று நிறுத்துப் பார்க்கும் தேவை முப்பது ஆண்டுகளாக எனக்கு நேர்ந்ததில்லை. ஐம்பத்தாறாவது வயதிலே, பல்லேகலைப் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்க எண்ணியபோதுதான் அது நேர்ந்தது.

தோட்டத்து லயத்திலே பிறந்து வாடகை வீடுகளிலே வளர்ந்தவன் யான். என் அன்னையார் எண்பதைத் தொட்டுவிட்டார். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது அவர் நாவிலே நாள்தோறும் ஒலிக்கும் மொழி. அதுவே என்னைத் தரகரிடம் அனுப்பியது. தரகரோ என்னினும் பெரிய பழமொழிப் புலவர். பல்லேகலையைத் தாண்டித் திகனைப் பக்கமாக, விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கிய சரிவிலே 12 பேர்ச் நிலத்தைக் காட்டினார். "மண்ணிலே போட்ட காசு மறையாது, ஐயா! சனம் பெருகும், நிலம் பெருகுமோ?" என்றார்.

நிலம் பெருகாது என்பது மெய். கிரிக்கெட் அரங்கு 2009 இல் திறக்கப்பட்டமையும், தொழிற்பேட்டையும், கண்டி நகரின் நெருக்கமும் பல்லேகலைக்கு மதிப்பைத் தந்தன என்பதும் மெய். ஆனால், பெருகாத நிலம் மறையவும் மாட்டாது என்று கொள்ளலாமோ? தரகர் பெருமையோடு சுட்டிய அந்நீரின் அடியிலேயே அதற்கு மறுப்புக் கிடந்தது. மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்தில் எழுப்பிய விக்டோரியா அணை 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீரில் அமிழ்ந்தது. கடைத்தெருவும் வீடும் வயலும் வைத்திருந்தோர் இழப்பீடு பெற்று வேறிடங்களிற் குடியேறினர். 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தை எடுக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கின்றது. மண்ணிலே போட்ட காசு சில வேளை நீருக்கும் போகும் என்பதற்கு அந்நகரே சான்று.

அடுத்து, நிலத்தை நாம் அசையாச் சொத்து என்கிறோம். மலைநாட்டிலே இத்தொடரை அச்சத்தோடுதான் சொல்லல் வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லய வரிசைகளைப் புதைத்ததை நாம் மறத்தலாகாது. சரிவிலே வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்டல் வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. இதைச் சொன்னபோது தரகர் முகம் சுண்டிற்று. "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்றார். பிறகு பார்க்கத் தக்கது சமையலறையின் நிறம். மண்ணின் உறுதி அன்று. அந்நிலத்தை விட்டேன். என் இல்லாள் ஒரு வாரம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

"இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்" என்பது காணியுள்ளவர் அஞ்சி வழங்கும் மொழி. பத்தாண்டு இருந்துவிட்டால் நிலம் அவனுக்கே ஆகிவிடும் என்று பலரும் எண்ணுவர். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு என்று கூறுவது உண்மையே. ஆயினும், அவ்விருப்பு உடையவனின் உரிமைக்கு எதிரானதாகவும் இடையறாததாகவும் இருத்தல் வேண்டும். இடங்கொடுத்தவன் இசைவோடு இருப்பவனுக்குக் காலம் ஒன்றே உரிமை தந்துவிடாது. ஆகவே, இப்பழமொழி மனித இயல்பிற்குச் சரி; சட்டத்திற்குச் சரியன்று.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பதற்கு மட்டும் எதிர்வாதம் கிடையாது. மலைநாட்டிலோ அதன் கூர்மை இன்னும் மிகுதி. சுவர் எழுமுன் தாங்குசுவர் எழவேண்டும். கூரை எழுமுன் மழைநீருக்கு வழி எழவேண்டும். சமவெளியார் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே வீடு தொடங்குவோர் பாதியில் நிற்பர்.

நிற்க. அன்னையாரின் எலிவளைக்கு வருவோம். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயக் காம்பராவிலே தலைமுறைகள் பிறந்து இறந்தன. அதுவும் ஒரு வளைதான். ஆனால் தனி வளையன்று. வேலை போனால் வீடும் போகும். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்துக்கு 50 ஏக்கர் வரம்பு விதித்தது. 1975 இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. தோட்டங்கள் கைமாறின, காம்பரா அதில் வாழ்ந்தவர்க்கு உரியதாகவில்லை. அண்மைக் காலத்திலே தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற பேச்சு எழுந்தபோது, அவ்வளவு சிறு துண்டுக்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று நகரத்து நண்பர் ஒருவர் வியந்தார். காணி என்னும் சொல் எண்பதில் ஒரு பங்கையும் குறிக்கும் என்று அவருக்குச் சொன்னேன். ஒன்றுமே இல்லாதவனுக்கு எண்பதில் ஒன்றும் பெரிது.

இப்பழமொழி மெய்யே. ஆயினும் அதன் உயிர் 'எலிவளை' என்பதிலன்று, 'தனி' என்பதிலேயே உளது. வீட்டின் அளவு அன்று, விலக்கப்படாமையே அதன் பொருள். காணி ஆவணத்தை ஈழத்தவர் 'உறுதி' என்று வழங்குவதன் நயமும் அதுவே.

பின்பு, சமதரையிலே 8 பேர்ச் நிலம் கிடைத்தது. காணிப் பதிவகத்திலே ஈடும் பிணக்கும் உண்டோ என்று தேடுவித்து, அளவையாளரைக் கொண்டு எல்லை காட்டுவித்து, நொத்தாரிசு முன்னிலையிலே எழுதினோம். உறுதியை அன்னையார் கையிலே கொடுத்தேன். எழுத்தறியாத அவர் அதனைத் தடவிப் பார்த்து, "இனி நம்மள யாரும் எழும்பிப் போகச் சொல்ல ஏலாதுதானே, தம்பி?" என்றார்.

தெல்தெனியவும் மீரியபெத்தையும் என் நினைவில் எழுந்தன. "முறையாகத்தான் எழுதியிருக்கிறோம், அம்மா" என்றேன். அதற்கு மேலே சொல்ல எனக்கு உரிமையில்லை. பழமொழிக்கும் இல்லை. அது சாட்சி சொல்லலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நாமே.

அன்னையார் அந்த உறுதியைத் தம் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.