விஷம் தின்ற நாய்

தமிழ்நாட்டில் நாய்கள் அதிகம் சிக்குவது இரண்டு வகை விஷங்களில்: வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து, வீட்டில் வைக்கும் எலி மருந்து. எலிக்கென்று மசால் வடைக்குள் பொதிந்து வைத்ததை எலிக்கு முன்பே நாய் மோப்பம் பிடித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது மருந்துப் பொட்டலம், டப்பா, கடித்துப்போட்ட மிச்சம் எது கிடைத்தாலும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். எப்போது தின்றது, எவ்வளவு தின்றது என்று மருத்துவர் முதலில் கேட்பார்.

கைவைத்தியம் பல சமயம் இரண்டாவது விஷமாகிவிடுகிறது. உப்பைக் கரைத்து ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே வலிப்பைக் கொண்டுவரும். மயங்கிய நாயின் வாயில் ஊற்றிய பாலும் எண்ணெயும் நுரையீரலுக்குப் போய்விடும். ஆசிட், மண்ணெண்ணெய் குடித்த நாயை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. பூச்சி மருந்து மேலே கொட்டியிருந்தால் மட்டும், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் உடனே கழுவிவிடலாம்.

தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்த நாய் நினைவோடு இருந்தால், மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். நினைவு தப்பியிருந்தால், மூச்சுக்குழாயில் டியூப் செருகிக் காத்துக்கொண்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை வயிற்றைக் கழுவுவார்கள். பிறகு மருந்துக்கரி கொடுப்பார்கள். பல விஷங்கள் அதில் ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறும். அடுப்புக்கரி இதற்கு உதவாது.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்துதான் கண்முன்னே ஆளைப் பதறவைக்கும். நரம்பு தசைக்கு உத்தரவு சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. வேலை முடிந்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி உண்டு. விஷம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடுவதால் உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். நாய்க்கு எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், மலமும் சிறுநீரும் தானாகப் போகும், கண்மணி கடுகாய்ச் சுருங்கும், உடம்பெல்லாம் சதை துடிக்கும். மூச்சுக்குழலில் சளி நிறைந்து திணறுவதே உயிரைக் கொண்டுபோகிறது. இதற்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுக் கேட்டே அளவைக் கூட்டுவார். உள்ளே களகளவென்ற சத்தம் அடங்கி, ஈறு உலரத் தொடங்கினால் அளவு போதும். கண்மணி விரிந்ததை மட்டும் நம்பி நிறுத்துவது தவறு. ஆனால் சதைத் துடிப்பை அட்ரோபின் அடக்காது. கட்டுண்ட நொதியை விடுவிக்க பிராலிடாக்சிம் வேண்டும். நேரம் ஆக ஆகக் கட்டு இறுகிவிடும் என்பதால் அதைச் சீக்கிரமே போட வேண்டும். வலிப்பு வந்தால் டயசெபாம் கொடுப்பார்கள்.

ஜிங்க் பாஸ்பைடு என்ற கறுப்பு எலிப்பொடிக்கு முறிமருந்து கிடையாது. வயிற்று அமிலம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவாகிறது. வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வீசினால் இதையே சந்தேகிக்க வேண்டும். பாவப்பட்டு நாய்க்குச் சோறு வைக்கக் கூடாது, உணவு அமிலத்தைத் தூண்டும். அமிலத்தைத் தணிக்கும் மருந்து, டிரிப்ஸ், ஆக்சிஜன் ஆகியவற்றைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருக்கிறது. அந்த வாயு மனிதருக்கும் ஆபத்து. வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டே கொண்டுபோக வேண்டும்.

எலி கேக்கில் இருக்கும் புரோமடியோலோன் வேறு விதம். அதைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் நன்றாகவே ஓடியாடும். ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே மறுபடி உருவாவதை அந்த மருந்து தடுக்கிறது. உடலில் இருந்த இருப்பு தீர்ந்ததும் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், நெஞ்சுக்குள் கசிந்து மூச்சு முட்டும். ஆகவே அறிகுறி தெரியும்வரை காத்திருக்கவே கூடாது. வைட்டமின் கே1 மாத்திரையைக் கொழுப்புள்ள உணவோடு பல வாரம் கொடுக்க வேண்டும். நிறுத்திய 48 மணி நேரம் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிப்பார்கள். அது நீண்டிருந்தால் மாத்திரை தொடரும்.