இரண்டு ஸ்லாட்டும் நிறைந்துவிட்டால்?

பெரியவர் யாராவது லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஏறக்குறைய 7 செ.மீ. நீளத்தில் ஒரு சின்னத் தகடு படுத்திருக்கும். இரண்டு பக்கமும் உள்ள கிளிப்பை மெல்ல விலக்கினால், தானாகவே எழும்பிச் சாய்ந்து நிற்கும். அதுதான் ராம், லேப்டாப்பின் வேகமான நினைவகம். டி.டி.ஆர்.4 வகை என்றால் அதன் ஓரத்தில் 260 தங்கநிறத் தொடுமுனைகள் இருக்கும். பல லேப்டாப்களில் ராமுக்கு இரண்டு ஸ்லாட்கள்தாம். மெல்லிய லேப்டாப்கள் சிலவற்றில் அதுவும் கிடையாது. சில்லுகளை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்.

இரண்டு ஸ்லாட்டும் நிறைந்துவிட்டது, இன்னும் ராம் வேண்டும் என்றால்? யு.எஸ்.பி. துளை சும்மாதானே இருக்கிறது, அதில் ஒன்றைச் செருகினால் என்ன?

நல்ல கேள்வி. விடை ராமுக்குள்ளேயே இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1966-இல் கண்ட வழிதான் இன்றைக்கும்: ஒரு பிட்டுக்கு (0 அல்லது 1) ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி மின்தேக்கி. 8 ஜி.பி. ராமில் இப்படி 6,800 கோடிக்கும் மேற்பட்ட மின்தேக்கிகள்! அவற்றில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் எல்லாவற்றையும் ஒரு சுற்று படித்து, மறுபடி நிரப்பிவிட வேண்டும். ராமோடு பேசி இதைக் கவனித்துக்கொள்ளும் மெமரி கன்ட்ரோலர் இப்போது பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது.

வேகமான டி.டி.ஆர்.4 ராம், ஒரு கம்பி வழியே நொடிக்கு 320 கோடி பிட்கள் அனுப்பும். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில் மின்குறிப்பு ஏறத்தாழ 5 செ.மீ. தூரம்தான் ஓடும். எல்லாக் கம்பிகளிலும் பிட்கள் சேர்ந்தாற்போல் வந்துசேர வேண்டுமே! மதர்போர்டை உற்றுப் பாருங்கள். சில செம்புக் கோடுகள் நேராகப் போகாமல் பாம்புபோல் நெளிந்திருக்கும். குறுக்கு வழியில் போகும் கோட்டை வேண்டுமென்றே வளைத்து, நீளக் கோட்டுக்குச் சமமாக்கியிருக்கிறார்கள். எவ்வளவு நுணுக்கமான வேலை! இந்த ராம் நொடிக்கு 25 ஜி.பி. வரை தரும். யு.எஸ்.பி. 3.0 வழியே நொடிக்கு அரை ஜி.பி. வந்தாலே பெரிது. அதனால்தான் அந்தத் துளை ராமுக்குச் சரிப்படாது.

இடம் போதாத தொல்லை புதிதல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினிக்கும் அது இருந்தது. அதன் வேகமான நினைவகத்தில் 16,000 சொச்சம் எண்களுக்குத்தான் இடம். சுழலும் காந்த உருளைகளிலோ அதைப் போல ஆறு மடங்கு இடம், ஆனால் மெதுவானவை. அதை வடிவமைத்த டாம் கில்பர்னும் குழுவினரும் தகவலைப் பக்கம் பக்கமாகப் பிரித்தார்கள். தேவைப்படாத பக்கத்தை உருளைக்கு அனுப்பிவிட்டு, தேவையானதைக் கணினியே உள்ளே கொண்டுவரும். புரோகிராம் எழுதுபவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும்.

உங்கள் வீட்டு லேப்டாப் செய்வதும் இதைத்தான். ராம் நிறைந்தால், சும்மா கிடக்கும் பக்கங்களை எஸ்.எஸ்.டி.க்கோ ஹார்டு டிஸ்குக்கோ அனுப்புகிறது. ஆனால் இதற்கு வேகத்தை விலையாகக் கொடுக்க வேண்டும். ராமிலிருந்து எடுக்க 1 நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கக் கால் மணி நேரம்; ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கும் மேல்! ராம் குறைவான லேப்டாப் திணறுவது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இன்னொன்று: பக்கத்தை வெளியே அனுப்பாமல் ராமுக்குள்ளேயே சுருக்கி வைப்பது. ஒரு பக்கம் முழுக்க 4,096 பூஜ்யங்கள் என்றால், அத்தனையையும் எழுதி வைப்பானேன்? ‘எல்லாம் பூஜ்யம்’ என்று ஒரு சின்னக் குறிப்புப் போதும். பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும். ஆனாலும் ஹார்டு டிஸ்குக்குப் போய்வருவதைவிட அது எவ்வளவோ மேல். ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த உத்தி உண்டு. விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி பகுதிக்குப் போங்கள். பயன்பாட்டில் உள்ள அளவுக்குப் பக்கத்திலேயே, சுருக்கி வைத்த அளவும் அடைப்புக்குறிக்குள் தெரியும். பிரவுசரில் ஏழெட்டு டேப்களைத் திறந்துவிட்டு, அந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.