குழந்தை எப்போது உட்காரும், எப்போது நடக்கும், எப்போது பேசும்? தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டியவை

தென்காசி மாவட்டத்தின் குருவிகுளம் வட்டாரம் மழையை நம்பிய கரிசல் பூமியாகும். பருவத்தில் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு என்று காட்டு வேலை இருக்கும். மற்ற நாட்களில் பெண்கள் நூறு நாள் வேலைக்கோ தீப்பெட்டி வேலைக்கோ செல்கின்றனர். விடியுமுன் எழுந்து சமைத்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கைக்குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படும் தாய்க்கு, குழந்தையைப் பற்றி மருத்துவப் பணியாளரிடம் பேசக் கிடைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் புதன்கிழமைத் தடுப்பூசி நாள் மட்டுமே. ஊசி போட்டுக்கொண்டு எழும்போது, அழும் குழந்தையைத் தோளில் தட்டியபடியே அவர் கேட்பார்: "எங்க அண்ணன் பிள்ளைக்கும் இதே வயசுதான், அது நடந்துருச்சு டாக்டர். இது இன்னும் நடக்கலையே?"

இக்கேள்விக்கு "எல்லாம் சரியாகிவிடும்" என்பதும் விடையன்று, அச்சுறுத்துவதும் விடையன்று. குழந்தையின் வயதையும் அது இப்போது செய்யும் செயல்களையும் கொண்டே விடை கூற இயலும். அதற்கு வேண்டிய செய்திகளைத் தாயே அறிந்திருப்பது நலம்.

வளர்ச்சிக்கு நாள் குறிக்க இயலுமா?

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பார்ப்பது தமிழருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் செங்கீரைப் பருவம், குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடுவதைக் குறிக்கும். சப்பாணிப் பருவம் கைகொட்டுவதையும், வருகைப் பருவம் தளர்நடையிட்டு வருவதையும் குறிக்கும். இன்று மருத்துவர்கள் 'வளர்ச்சிப் படிகள்' என்று பட்டியலிடுபவற்றிற் பல இவையே.

ஆனால், ஒவ்வொரு படிக்கும் ஒரே மாதம் என்று வரையறுக்க இயலாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் நல்ல உடல்நலமுள்ள 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. அதன்படி, குழந்தைகள் பிடிப்பின்றி உட்காரும் வயது ஏறக்குறைய 4 மாதம் தொடங்கி 9 மாதம் வரை பரந்திருந்தது. தனியே நடக்கும் வயது 8 மாதம் தொடங்கி பதினேழரை மாதம் வரை பரந்திருந்தது. அதாவது, 10 மாதத்தில் நடந்த குழந்தையும் 16 மாதத்தில் நடந்த குழந்தையும் நலமான குழந்தைகளே. நூற்றில் ஏறக்குறைய 4 குழந்தைகள் முட்டியிட்டுத் தவழாமலேயே நடந்துவிட்டன. "தவழவே இல்லையே" என்று மட்டும் கவலையுறும் தாய்மார்கள் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வயதைக் கணக்கிடும் முறை வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று 8 மாதம் என்றால், வளர்ச்சியைப் பொறுத்தவரை அதை 6 மாதக் குழந்தையாகவே கருத வேண்டும். இரண்டு வயது வரை இவ்வாறு கழித்துக் கணக்கிடலாம். தடுப்பூசிக்கு மட்டும் இக்கணக்கு பொருந்தாது. அதற்குப் பிறந்த தேதியே கணக்கு.

எதுவரை பொறுக்கலாம்?

தாயின் முகம் பார்த்துச் சிரிப்பது ஏறக்குறைய ஆறு வாரத்தில் தொடங்கும். மூன்று மாதம் நிறைந்தும் முகம் பார்த்துச் சிரிக்காவிடில் காட்ட வேண்டும். தலை நிற்பது 4 மாதத்திற்குள் அமைந்துவிடும். ஐந்தாம் மாதத்திலும் தலை பின்னுக்குச் சாய்ந்தால் காத்திருத்தல் கூடாது. 9 மாதம் முடிந்தும் பிடிப்பின்றி உட்காராமை, 18 மாதம் நிறைந்தும் நடவாமை ஆகியவற்றுக்கும் மருத்துவப் பரிசோதனை தேவை.

வயது எதுவாயினும் பொறுக்கக் கூடாத சில அறிகுறிகளும் உண்டு. குழந்தையின் உடல் விறைப்பாகவோ துணிபோலத் துவண்டோ இருத்தல் அவற்றுள் ஒன்று. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை மூடியே வைத்திருத்தல் மற்றொன்று. இதனை "இடது கைப் பழக்கம்" என்று எண்ணி விட்டுவிடுவோர் உண்டு. அவ்வயதில் கைப்பழக்கம் உறுதியாவதில்லை. ஏற்கெனவே செய்துவந்த ஒன்றை, அதாவது உட்கார்வதையோ, பேசிய சொல்லையோ, சிரிப்பையோ குழந்தை இழந்துவிட்டால் அடுத்த புதன்கிழமை வரையும் காத்திருத்தல் வேண்டாம், மறுநாளே வருக.

பேச்சும் செவியும்

நடை தாமதமானால் வீட்டார் அனைவரும் கவனிப்பர். பேச்சு தாமதமானால் தாய் ஒருவரே கவனிப்பார். மற்றவர்கள் அவரைச் சமாதானப்படுத்துவர். "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்ற சொல்லை நான் கேளாத ஆண்டில்லை.

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், வேறோர் ஊரில், ஒன்றே கால் வயதுக் குழந்தையுடன் ஒரு தாய் வந்தார். "கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், சில நேரம் திரும்புவதில்லை" என்றார். நான் மேசையைத் தட்டினேன், குழந்தை திரும்பியது. நலமாக இருக்கிறான் என்று கூறி அனுப்பிவிட்டேன். இரண்டே கால் வயதில் அவனுக்கு இரு செவிகளிலும் கடுமையான கேள்திறன் குறைபாடு இருப்பது உறுதி செய்யப்பட்டது. அன்று அவன் திரும்பியது ஓசைக்காக அன்று. மேசை அதிர்ந்ததை உணர்ந்தோ, என் கை அசைந்ததைக் கண்டோ திரும்பியிருக்கிறான். தாய் கூறியது சரி. நான் கூறியது தவறு. ஓராண்டு வீணாயிற்று. அதன் பின்னர், "காது கேட்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது" என்று எந்தத் தாய் கூறினாலும் நான் மேசையைத் தட்டிப் பார்ப்பதில்லை. நேரே பரிசோதனைக்கு எழுதிவிடுகிறேன்.

செவிக்குறைபாடுள்ள குழந்தையும் முதற் சில மாதங்களில் "ங்கா", "ஆ" என்று ஒலி எழுப்பும் என்பதைப் பலர் அறியார். அவ்வொலி பின்னர் வளராமல் மெல்லக் குறைந்துவிடும். ஆகவே, "முன்பு சத்தம் கொடுத்தானே" என்பதைக் கொண்டு செவி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. நெருங்கிய உறவில் திருமணம், குடும்பத்தில் எவருக்கேனும் பிறவியிலேயே செவிக்குறைபாடு, குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், குழந்தை நன்றாகக் கேட்பதுபோல் தோன்றினாலும் செவிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிறந்த ஒரு மாதத்திற்குள் முதற் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் குறைபாட்டை உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை என்பதே பின்பற்றத்தக்க கால அளவு. கடுமையான குறைபாட்டுக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை, தகுதியுள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. ஆறு வயது வரை அவகாசம் உள்ளது என்று இதற்குப் பொருளன்று. இரண்டு வயதில் கருவி பெற்ற குழந்தை பேசக் கற்பதுபோல் ஐந்து வயதில் பெற்ற குழந்தையால் எளிதிற் கற்க இயலாது.

செவி நன்றாக இருக்கும் குழந்தை ஆறு மாதத்தில் ஓசை வரும் பக்கம் திரும்பும். 9 மாதத்தில் தன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும். "பாபா", "தாதா" என்று அடுக்கி ஒலிக்கும். ஓராண்டை ஒட்டி, பொருளறிந்து ஓரிரு சொற்களைக் கூறும். 16 மாதத்தில் ஒரு சொல்லும் இன்றியும், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரு சொற்களைச் சேர்க்காமலும் இருந்தால் பரிசோதனை தேவை.

இவ்வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல உள்ளன. இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தையின் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். நாக்கில் தேன் தடவுதல், வசம்பு தேய்த்தல் ஆகியவற்றாற் பேச்சு வாராது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் தீங்கும் விளைவிக்கும். நாக்குக்கட்டினால் சில ஒலிகள் தெளிவின்றி வரக்கூடும். குழந்தை பேசாமலே இருப்பதற்கு அது காரணமன்று.

பேச்சுக்கு முன்னரே வரவேண்டிய ஒன்று உண்டு. முற்றத்தில் நிலாவைக் காட்டிச் சோறூட்டும் பாட்டி விரலை நீட்டும்போது, சிறு குழந்தை விரலையே பார்க்கும். ஓராண்டை நெருங்கும்போது விரல் காட்டும் திசையில் நிலாவைப் பார்க்கும். பின்னர், தானே விரல் நீட்டி நிலாவைக் காட்டிவிட்டு, பாட்டி பார்க்கிறாரா என்று அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இந்தத் திரும்பிப் பார்த்தல் மிக முக்கியமானது. 18 மாதத்திலும் விரல் நீட்டிக் காட்டாமல், பெயருக்குத் திரும்பாமல், கண்ணோடு கண் நோக்காமல், தனக்குள்ளேயே ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் ஆட்டிசம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அவ்வாறெனினும், இரண்டு வயதில் தொடங்கும் பயிற்சி ஐந்து வயதில் தொடங்குவதைவிட மிகுந்த பயன் தரும்.

வீட்டில் செய்யக்கூடியவை

சேலைத் தொட்டில் நல்லதே. ஆனால், நாள் முழுதும் அதிலேயே கிடக்கும் குழந்தைக்குக் கழுத்தும் முதுகும் வலுப்பெற வாய்ப்பில்லை. விழித்திருக்கும்போது, ஒருவர் அருகிலிருந்து, பாய் விரித்துக் குப்புறப் படுக்கவிட வேண்டும். நாளொன்றுக்குச் சிறிது சிறிதாக மொத்தம் அரைமணி நேரம் போதுமானது. உறங்கும்போது மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும்.

சக்கரமுள்ள வட்ட வாக்கரில் குழந்தையை உட்கார வைத்தால் விரைவில் நடக்கும் என்பது தவறான நம்பிக்கை. படியிலும் அடுப்பருகிலும் விபத்து நேர்வதால் கனடா நாடு 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் கிடைக்கும் மரநடைவண்டி வேறு. பிடித்து நிற்கத் தொடங்கிய குழந்தை தன் காலை ஊன்றித் தள்ளிச் செல்வதால், பெரியவர் ஒருவர் உடனிருக்க அதனைப் பயன்படுத்தலாம்.

அலைபேசியைப் பற்றிப் பாட்டிமார்களிடம் கோபிப்பது முறையன்று. தாய் வேலைக்குச் சென்றபின் முழங்கால் வலியோடு ஒரு துறுதுறுப்பான குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அவரே. எனினும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டா என்பதே மருத்துவ அறிவுரை. அலைபேசி பேசும், ஆனால் குழந்தை கூறுவதற்கு மறுமொழி கூறாது. பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே "இது தண்டு, இது இலை" என்று பேசுவதும், குழந்தையின் மழலைக்கு மறுமொழி கூறுவதும் போதும்.

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் இணை உணவு தொடங்க வேண்டும். கேழ்வரகு, பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, அங்கன்வாடியில் தரப்படும் சத்துமாவு ஆகியவை ஏற்றவை. இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தசோகை மட்டுமன்றி மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். எனவே 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. வீதம் வழங்கப்படும் இரும்புச்சத்துத் திரவ மருந்தை அலமாரியில் வைத்துவிடாமல் கொடுக்க வேண்டும். மலம் கறுத்துப் போவது இயல்பானதே.

வளர்ச்சித் தாமதத்திற்கும் தாய் வேலைக்குச் செல்வதற்கும் தொடர்பில்லை. கிரகணத்தின்போது வெளியே வந்ததும் காரணமன்று. தைராய்டு சுரப்புக் குறைவு போன்ற சில காரணங்கள் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, விலை குறைந்த மாத்திரையாற் கட்டுப்படுபவை. ஆனால், மருந்தின்றிக் கழியும் ஒவ்வொரு மாதமும் மூளைக்கு இழப்பாகும். பிரசவத்திற்குப் பின் தொடர்ந்து மனச்சோர்வோ, அழுகையோ, குழந்தையைத் தூக்கவும் விருப்பமின்மையோ தாய்க்கு இருந்தால், அதற்கும் சிகிச்சை உண்டு. டெலி மனாஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிற் பேசலாம்.

எங்கே செல்வது?

முதலில் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ கூறுக. தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். அங்கன்வாடிக்கு வாராத சிறு குழந்தையையும் அந்நாளில் அழைத்து வரலாம். குறைபாடு இருக்கக்கூடும் எனத் தோன்றினால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரைப்பர். குழந்தை மருத்துவர், இயன்முறைப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் சேவை அங்குக் கட்டணமின்றிக் கிடைக்கும்.

பரிந்துரைச் சீட்டைப் பெற்றும் செல்லாதோர் பலர். பேருந்துச் செலவும் ஒரு நாட்கூலி இழப்பும் எளியவையல்ல என்பதை அறிவேன். ஒருமுறை சென்று கற்றுக்கொண்ட பயிற்சியை வீட்டிலேயே நாள்தோறும் செய்யலாமா, அடுத்து எத்தனை வாரம் கழித்து வரவேண்டும், அண்மையில் வேறு எங்கேனும் பயிற்சி பெறலாமா என்று முதல் நாளிலேயே கேட்டறிக. அவ்வாறு கேட்பது தவறன்று.

செல்லும்போது தாய் சேய் நல அட்டை, பிரசவத்தின்போது தரப்பட்ட விடுவிப்புக் குறிப்பு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்க. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் உடன் அழைத்துச் செல்வது நலம். மருத்துவர் கேட்கும் கேள்விகளிற் பாதிக்கு விடை அவரிடமே இருக்கும். குழந்தை வீட்டில் விளையாடுவதையும், அழைக்கும்போது திரும்புவதையோ திரும்பாமையையோ அலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துச் சென்றால், புதிய இடத்தில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையைவிட அப்படம் மருத்துவருக்கு மிகுதியாக உதவும்.