பீரே கூலியாக இருந்த காலம்

டாக்குரியா ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. 1920-களில் கல்கத்தா நகர மேம்பாட்டு டிரஸ்ட் சதுப்பு நிலத்தை வெட்டி உண்டாக்கியது. அப்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய பீரங்கிகள் சில வெளிப்பட்டன. 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாறிய பிறகும், அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்கு அது 'லேக்'தான்.

பீரங்கி இரும்பால் ஆனது. பல காலம் மண்ணில் கிடந்தாலும் அடையாளம் தெரியும். ஆனால் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு யாரோ குடித்துத் தீர்த்த பீரை எப்படித் தோண்டி எடுப்பது? ஆராய்ச்சியாளர்கள் அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி, குடித்தவர்களின் கதையோடு நிற்காமல், உழைத்தவர்கள் கூலி வாங்கிய கதையையும் சொல்கிறது.

ஜாடிக்குள் மஞ்சள் கறை

மேற்கு ஈரானின் மலைப் பகுதியில் கோடின் தெப்பே என்று ஒரு தொல்லியல் மேடு இருக்கிறது. அங்கே சுமார் கி.மு. 3500-க்கும் 3100-க்கும் இடைப்பட்ட காலத்து மண் ஜாடி ஒன்று கிடைத்தது. அதன் உட்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கீறியிருந்தன. அந்தக் கீறல்களில் மஞ்சள் நிறப் படிவு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் படிவைச் சோதித்தபோது அது கால்சியம் ஆக்சலேட் என்று தெரிந்தது. வெந்நீர் போடும் பாத்திரத்தில் உப்புப் படிகிறதல்லவா? அதுபோல பார்லி பீர் வைக்கும் பாத்திரங்களில் இது படியும். பீர் காய்ச்சுகிறவர்கள் இதைப் 'பீர்க்கல்' என்பார்கள். அதே இடத்தில் கரிந்த பார்லி மணிகளும் கிடைத்தன. ஆகவே ஜாடியில் இருந்தது பீர்தான் என்று 1992-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

குமாஸ்தா எழுதிய கணக்கு

ஜாடி பேசாது, கணக்கு பேசும். கோடின் தெப்பேயில் பீர் குடித்த அதே காலத்தை ஒட்டி, இன்றைய ஈராக்கில் இருந்த உருக் போன்ற நகரங்களில் எழுத்து தோன்றியது. காவியம் பாடுவதற்காக அல்ல, சரக்கு வரவு செலவு எழுதுவதற்காக! ஈரக் களிமண் பலகையில் நாணலால் அழுத்தி எழுதிக் காயவைத்தார்கள்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அப்படி ஒரு பலகை இருக்கிறது. தொழிலாளருக்குப் பங்கிட்ட பீரின் கணக்கு அதில் உள்ளது. கூர்மையான அடியுள்ள ஜாடியின் படம் என்றால் பீர். கிண்ணத்தருகே மனிதத் தலை என்றால் படி அளந்தது என்று பொருள்.

இன்னொரு பலகையில் 29,086 அளவை பார்லியும் 37 மாதங்களும் குறிக்கப்பட்டு, 'குஷிம்' என்று முடிகிறது. குஷிம் என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆளின் பெயர்தான் என்றால், உலகில் எழுத்தில் பதிந்த மிகப் பழைய பெயர்களில் ஒன்று மன்னருடையதல்ல. பீருக்கான தானியக் கணக்கைப் பார்த்த ஒரு குமாஸ்தாவினுடையது!

கூலி வரவில்லை, வேலை நின்றது

எகிப்தில் மன்னர்களுக்கு மலையைக் குடைந்து கல்லறை அமைத்த தொழிலாளர்கள் தெய்ர் எல்-மதீனா என்ற குடியிருப்பில் வாழ்ந்தார்கள். ஒருவருக்கு மாதக் கூலி ரொட்டிக்காக 4 மூட்டை கோதுமையும், பீருக்காக ஒன்றரை மூட்டை பார்லியும். அந்தக் காலத்துப் பீர் இன்றைய பாட்டில் சரக்கு அல்ல. கலங்கலாக, கெட்டியாக இருக்கும். ஏறக்குறைய கஞ்சி மாதிரி. உழைப்பாளிக்கு அது உணவில் ஒரு பங்கு.

மூன்றாம் ராம்செஸ் மன்னரின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1157 வாக்கில், இந்தக் கூலி தவணை தவறியது. தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டுப் போய்க் கோயில்களின் அருகே உட்கார்ந்துவிட்டார்கள். பசி, தாகம் என்று முறையிட்டார்கள். அமெனக்த் என்ற எழுத்தர் இதையெல்லாம் குறித்துவைத்தார். எழுத்தில் பதிந்துள்ள முதல் வேலை நிறுத்தம் இதுதான் என்கிறார்கள். அந்த ஏடு இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

நெல் முளையும் ராணுவும்

பார்லி விளையும் நாட்டில் பார்லி. நெல் விளையும் நாட்டில் அரிசி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிக்குப் போகும் வழியில் வலைஞர் வீடுகளில் அரிசியிலிருந்து கள் ஆக்கும் விதத்தை விவரிக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, நெல் முளை சேர்த்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பார்களாம்.

முளை எதற்கு? தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறினால்தான் புளித்துப் போதையேறும். முளைவிட்ட தானியம் அந்த வேலையைச் செய்கிறது. சுமேரியர் பார்லியை முளைகட்டியதும் இதற்கே.

மேற்கு வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் சந்தால், முண்டா மக்கள் ஆக்கும் 'ஹாண்டியா'வும் இதே வழிதான். அரிசியை வேகவைத்து ஆற்றிப் பானையில் வைப்பார்கள். முளைக்குப் பதில் அரிசி மாவோடு வேர், மூலிகை சேர்த்து உருட்டிய 'ராணு' என்ற வில்லையைப் பொடித்துப் போடுவார்கள். அதில் வளரும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் வேலையை முடித்துவிடும்.

கூலி காசாக வேண்டும்

உணவாக இருந்தவரை பீர்க்கூலியில் பெரிய தீங்கில்லை. பிற்காலத்தில் மது, ஆளைக் கட்டிப்போடும் கயிறாக மாறியது. தென்னாப்பிரிக்கத் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே ஊற்றிக் கொடுத்துத் தொழிலாளரைத் தலைமுறை தலைமுறையாகப் போதைக்கு அடிமையாக்கினார்கள்.

இந்தியாவில் 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், சம்பளத்தை நாணயமாகவோ நோட்டாகவோதான் தரவேண்டும் என்றது. 1949-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 95-ஆவது உடன்படிக்கை, போதை மிகுந்த மதுவை எந்த நிலையிலும் கூலியாகத் தரக்கூடாது என்று விதித்தது.

ஊரைவிட்டு வந்து உழைக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். காசாக வாங்கிய சம்பளத்தில் வாடகை போக, அரிசி பருப்பு போக, மிச்சத்தை ஊருக்கு அனுப்பலாம். பிள்ளையின் படிப்புக்கு எடுத்து வைக்கலாம். உருக் நகரத்துத் தொழிலாளி ஜாடியில் வாங்கிய கூலியை அப்படிப் பிரித்து அனுப்ப வழியில்லை. வாங்கிய இடத்திலேயே குடித்துத் தீர்க்கத்தான் முடிந்தது.