மேசையைச் சுற்றி ஓர் அண்ணாவியார்

பிள்ளைகள் கூடி விளையாடும் வீடு நல்ல வீடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். கூடிய பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கலைகிறார்களா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கலைகிறார்களா என்பதையும் பெற்றோர் கவனித்தல் வேண்டும் என்று நான் சேர்த்துச் சொல்வேன். சென்ற விடுமுறையில் என் வீட்டு விறாந்தையிலேயே இந்தப் பாடத்தைக் கற்றேன். இருபது ஆண்டுகளாகப் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்ற எனக்கு அது சற்று வெட்கந் தரும் பாடமாகவும் அமைந்தது.

எங்கள் வீடு பாண்டிருப்பில் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில், அஸர் தொழுகை முடிந்த கையோடு, மருதமுனையிலிருந்து இருவரும் சாய்ந்தமருதிலிருந்து ஒருவரும் சைக்கிளில் வருவார்கள். அடுத்த தெருப் பையன் ஒருவன் நடந்து வருவான். என் மகனோடு ஐவர். மஃரிபு பாங்கு கேட்கும் வரை மேசையைச் சுற்றி ஒரே ஆரவாரமாக இருக்கும்.

அவர்கள் ஆடுவது கரமும் அன்று, சதுரங்கமும் அன்று. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். ஒருவன் வாள்வீரன், ஒருவன் மருத்துவன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் காடறிந்த வேடன். "உங்கள் முன்னே இடிந்த கோட்டை; உள்ளே விளக்கொளி தெரிகிறது; என்ன செய்வீர்கள்?" என்று கதை நடத்துபவன் கேட்பான். அவரவர் தம் வேடத்துக்குப் பொருந்த விடை சொல்வார்கள். நினைத்த செயல் கைகூடுமா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை தீர்மானிக்கும். முடிவில் வென்றவன், தோற்றவன் என்று எவரும் இல்லை. ஐவரும் சேர்ந்து ஒரு கதையை வளர்ப்பதே ஆட்டம்.

இவ்வாட்டத்தின் பிறப்பும் சுவையானது. 1969 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் ஒரு போர் விளையாட்டை நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஊரில் நிகழ்வதாக அதை அமைத்து, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேடமும் தனித்தனி நோக்கமும் கொடுத்தார். ஆட்டக்காரர்களோ ஒழுங்கை மறந்து தமக்குள் சதி பேசினார்கள். இருவர் ஒருவரோடொருவர் தனிப்போருக்கும் நின்றார்கள். வெஸ்லி தம் முயற்சி தோற்றதென்று எண்ணினார். ஆடியவர்களோ மறுபடியும் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னெசன், கேரி கைகாக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1974 இல் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஆடப்படும் இத்தகைய ஆட்டங்களுக்கு அதுவே மூத்தது. ஆகவே, வேடமேற்போரின் பூசல் இவ்வாட்டத்தோடு கூடப் பிறந்த பிள்ளை எனலாம்.

எங்கள் விறாந்தையிலும் அப்பிள்ளை வளர்ந்தது. வாள்வீரனாக ஆடிய சாய்ந்தமருதுப் பையன் நல்ல பேச்சாளன். விதிகளை மனப்பாடமாக அறிந்தவன். "நீ கதவைத் திற, நீ பின்னால் நில், நீ மருந்தை இப்போது எடுக்காதே" என்று எல்லோருக்கும் அவனே கட்டளையிடுவான். வேடனாக ஆடிய மருதமுனைப் பையனோ வாள்வீரன் கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போவான். இருவரும் மோதும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவனாக வந்தவன் ஒரு பின்னேரம் முழுவதிலும் இரண்டே வார்த்தை பேசினான் என்று என் மகன் வருந்திச் சொன்னான்.

நான் என்ன யோசனை கூறினேன் தெரியுமா? "கதை உன் கையில்தானே இருக்கிறது? அவனுடைய வாளைப் பறித்துவிடு. தன்னாலே அடங்குவான்" என்றேன்.

மகன் தகப்பன் சொல்லைத் தட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை கோட்டை அகழியில் ஒரு முதலை தோன்றியது. வாள் போயிற்று; வாள்வீரனின் ஒரு கையும் போயிற்று. வேடன் கைகொட்டிச் சிரித்தான். சாய்ந்தமருதுப் பையன் எழுந்து நின்று, "மச்சான், இது விளையாட்டா, பழிவாங்கலா?" என்று கேட்டுவிட்டு, பாங்கு சொல்வதற்கு வெகுநேரம் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் எவரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் ஐந்து கதிரைகள் வெறுமையாகவே இருந்தன.

வாசகர்கள் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. மருதமுனையும் பாண்டிருப்பும் கல்முனையும் சாய்ந்தமருதும் ஒரே தெருவழியில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள். எங்கே ஓர் ஊர் முடிந்து மறு ஊர் தொடங்குகிறதென்று வெளியூரான் அறியமாட்டான். ஆயினும், ஒரு பையன் அவ்வெல்லையைக் கடந்து ஒரு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும் பழக்கம் அரிதாகக் கிடைக்கும் செல்வம். அது உண்டாகப் பல ஆண்டு வேண்டும். நின்றுபோக ஒரு முதலை போதும். அந்த முதலையை அனுப்பியவன் நான்.

அப்போதுதான் எங்கள் மண்ணின் கூத்துக்களரி நினைவுக்கு வந்தது. வேடமேற்று ஆடுவது நமக்குப் புதிதன்று. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத் திருவிழாவில் பாண்டவரின் வனவாசமும் அர்ச்சுனன் தவநிலையும் ஊரார் நடுவே நிகழ்கின்றன. மட்டக்களப்புப் பகுதியில் வடமோடியும் தென்மோடியும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்டு வந்தன. கூத்தை நடத்துபவர் அண்ணாவியார். ஆளையும் குரலையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன வேடம் என்று ஏட்டுப் பகுதியைக் கொடுப்பதற்குச் 'சட்டங்கொடுத்தல்' என்று பெயர். ஆட்டம் பழகத் தொடங்குமுன்பே ஒவ்வொருவரின் பங்கும் சபையறியத் தெளிவாகிவிடும். வடபுலத்துக் காத்தவராயன் கூத்திலோ தலைமைப் பாத்திரமான காத்தானையே ஒருவர் பின் ஒருவராகப் பலர் பகிர்ந்து ஆடுவார்கள். தலைமை வேடம் ஒருவனுடைய சொத்தன்று என்பதை இதைவிட அழகாக எவ்வாறு காட்டுவது?

நான் சிறுவனாயிருந்தபோது கண்ட ஒரு முதிய அண்ணாவியாரை இங்கே சொல்லவேண்டும். அரச வேடம் ஏற்றவர் ஒருவர் மற்றவர் முறையிலும் புகுந்து பாடிவிடுவார். அண்ணாவியார் களரியில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. பழக்கம் முடிந்தபின் அவரோடு கூடவே வீடுவரை நடந்து போவார். என்ன பேசினாரோ அறியேன். சில நாட்களில் அந்த அரசர் இளையவர்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுப்பதைக் கண்டோம். அண்ணாவியார் அரசனின் முடியைக் கழற்றவில்லை. முடி தரித்த மனிதரோடு பேசினார்.

நம் முஸ்லிம் ஊர்களின் பொல்லடியும் இதையே கற்பிக்கிறது. பாட்டுக்கு இசையக் கம்போடு கம்பு அடிக்கவேண்டும். ஒருவன் தன் பலத்தைக் காட்ட நினைத்தால் எதிரே நிற்பவனின் விரல் நசுங்கும். அங்கேயும் அண்ணாவியார் உண்டு. தாளம் அவர் கையில்.

மகனை அழைத்து, "நான் சொன்னது பிழை. நீ போய்ப் பேசு, முதலில் உன் குற்றத்தைச் சொல்" என்றேன். அவன் சாய்ந்தமருதுக்குத் தனியே போனான். கடற்கரையில் இருவரும் வெகுநேரம் இருந்தார்களாம். "யாரும் வாய் திறக்காவிட்டால் ஆட்டம் செத்துப்போகும் என்ற பயத்தில்தான் நான் பேசினேன்" என்றானாம் அந்தப் பையன். அதிகாரம் என்று நாங்கள் எண்ணியது பாதி அச்சமாக இருந்தது. பின்பு மருதமுனைக்குப் போனபோது வேடனின் மனமும் வெளிப்பட்டது. "மூன்று கிழமையாக நான் சொன்ன ஒன்றையும் எவரும் கேட்கவில்லை. எதிர்த்தால்தான் என் பெயரையாவது சொல்கிறீர்கள்" என்றானாம்.

மீண்டும் கூடியபோது முதல் அரை மணி நேரம் தாயக்கட்டையைத் தொடவில்லை. யாருக்கு எத்தகைய கதை விருப்பம், எது பிடிக்காது என்று பேசினார்கள். இவ்வாட்டக்காரர்கள் இதனைப் 'பூச்சிய அமர்வு' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நம் சட்டங்கொடுத்தலுக்கு நெருங்கிய உறவு. யோன் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் வகுத்த ஒரு முறையையும் சேர்த்துக்கொண்டார்கள். பெருக்கல் குறி இட்ட ஓர் அட்டை மேசை நடுவே கிடக்கும். கதை தாங்க முடியாத இடத்துக்குப் போனால் எவரும் அதைத் தொடலாம். காரணம் கேளாமல் கதையை மாற்றவேண்டும்.

பேசும் முறையும் மாறிற்று. என் மகன் ஒவ்வொருவரையும் வேடப்பெயர் சொல்லி அழைத்துக் கேட்பான். அமைதியானவனை முதலில் கேட்பான். ஒருவன் தன் செயலைச் சொல்லும்போது மற்றவன் குறுக்கிடலாகாது. விதிகளில் வல்ல வாள்வீரனுக்கு, ஐயம் கேட்பவருக்கு விளக்கஞ் சொல்லும் பொறுப்புக் கிடைத்தது. கேட்டால் மட்டுமே சொல்லவேண்டும் என்பது நிபந்தனை. முதலில் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஒருநாள் மருத்துவன் யாரும் எண்ணாத ஒரு வழியால் கோட்டைக் கைதியை விடுவித்தபோது, முதலில் கைதட்டியவன் அவனே.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வேடனாக ஆடிய பையன் இரண்டு வாரம் வந்துவிட்டு, "சேர், கோபமில்லை. எனக்கு இந்த விளையாட்டில் மனம் ஒட்டவில்லை" என்று என்னிடமே சொல்லி விடைபெற்றான். இப்போது மைதானத்தில் பந்து விளையாடுகிறான். ஆனால் நோன்புக் காலத்தில் அவனுடைய உம்மா கொடுத்தனுப்பிய கஞ்சிப் பாத்திரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றவன் அவன்தான். ஆட்டத்தை விட்டான், வாசலை விடவில்லை.

பெற்றோரே, ஆசிரியரே, கூட்டங்களை நடத்துவோரே! அடங்காதவனை ஆட்டத்துக்குள் தண்டித்து அடக்க எண்ணாதீர்கள். மனிதருக்கிடையே பிறந்த குறையை மனிதராக அமர்ந்து, தனியிடத்தில், தன் பிழையை முதலில் ஒப்புக்கொண்டு பேசித் தீர்க்கவேண்டும். பேசிய பின்னும் ஒருவன் பிறரை ஊமையாக்கியே ஆடுவேன் என்றால், நட்பைக் காப்பாற்றிக்கொண்டு ஆட்டத்திலிருந்து அவனுக்கு விடைகொடுப்பது குற்றமாகாது. வாளைப் பறிக்கும் யோசனை எளிதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.