பிரித்தானியாவும் ஐரோப்பாவும்: பிரிவுக்குப் பின் உறவு

இங்கிலாந்தின் டோவர் துறைக்கும் பிரான்சு நாட்டின் கலே துறைக்கும் இடையே கிடக்கும் கடல், அதன் ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ 21 மைல் அகலமே உடையது. வானம் தெளிந்த நாளில் ஒரு கரையில் நிற்பவர் மறு கரையைக் கண்ணாற் காணலாம். ஆயினும், 2021 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி தொடக்கம், அக்கடலைக் கடக்கும் இறைச்சிக்கும் மீனுக்கும் பாற்பொருளுக்கும் பத்திரங்கள் பல வேண்டியனவாயின. கடல் முன்போலவே கிடக்க, அதைக் கடக்கும் வழி மட்டும் நீண்டுவிட்டது. அவ்வழியைச் சுருக்குவதற்கெனப் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2025 இல் புதிய பேச்சுகளைத் தொடங்கின. அப்பேச்சில் எவர் எதைக் கொடுக்கிறார், எதைப் பெறுகிறார் என்பது ஆராயத்தக்கது.

பிரித்தானியா ஐரோப்பிய அமைப்பினுட் புகுந்ததே தயக்கத்தோடுதான். 1957 இல் ஆறு நாடுகள் உரோமாபுரியிற் கூடிப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவியபோது, அது விலகி நின்றது. பின்னர் அது சேர விரும்பியபோது, பிரான்சின் ஜனாதிபதி டி கோல் 1963 இலும் 1967 இலும் கதவை அடைத்தார். 1973 இலேயே இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளின் பின் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் மூன்றில் இரு பங்கினர் அவ்வுறவை ஆதரித்தனர். ஆனால், 2016 ஜூன் 23 ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பில் 52 சதவீதத்தினர் விலகுதலை விரும்பினர். 48 சதவீதத்தினர் இருத்தலை விரும்பினர். 2020 ஜனவரி 31 ஆந் திகதி, 47 ஆண்டு கால உறுப்புரிமை முடிவெய்தியது.

பிரிந்த இரு தரப்பினரும் 2020 டிசம்பரில் வர்த்தக ஒத்துழைப்பு உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டனர். தத்தம் நாட்டில் உற்பத்தியானவை என்று நிறுவப்படும் பண்டங்களுக்குத் தீர்வை இல்லை என்பது அதன் சாரம். தீர்வை இல்லையெனின் தடையும் இல்லை என்று பலர் எண்ணினர். உண்மை அவ்வாறன்று. ஒரு லொறியில் ஏற்றப்படும் இறைச்சிக்கு மிருக வைத்தியர் ஒருவர் சான்றுப் பத்திரம் ஒப்பமிடல் வேண்டும். சுங்கப் பத்திரங்கள் நிரப்பப்படல் வேண்டும். துறைமுகத்திற் பரிசோதனைக்குக் காத்திருத்தலும் நேரலாம். பெருங் கம்பனிகள் இச்செலவைத் தாங்கின. சில பெட்டிகளை மட்டும் அனுப்பும் சிறு வியாபாரிக்கோ, இலாபம் முழுவதும் பத்திரச் செலவிற் கரைந்துபோயிற்று. சில பண்டங்களுக்குக் கதவு முற்றாக மூடப்பட்டது. ஸ்கொத்லாந்தின் விதை உருளைக்கிழங்கும், குளிரூட்டிய வேகாத சொசேஜ் வகைகளும் அத்தகையன.

அயர்லாந்திற் சிக்கல் வேறு வடிவு கொண்டது. 1998 ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கைக்குப் பின், அத்தீவின் வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே காவலரண் எழுப்புதலை எவரும் விரும்பவில்லை. ஆதலின், பிரித்தானியாவிலிருந்து வட அயர்லாந்துக்குச் செல்லும் பண்டங்களே பரிசோதனைக்கு உட்பட்டன. ஒரே அரசின் இரு பகுதிகளுக்கிடையே இது நிகழ்ந்தமை கசப்பை விளைத்தது. 2023 இல் ஏற்பட்ட வின்சர் இணக்கம் அதனை ஓரளவு தணித்தது.

2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசாங்கம், உறவைச் சீர்செய்யப் போவதாகக் கூறியது. அத்துடன் மூன்று எல்லைகளையும் வகுத்துக்கொண்டது. ஒற்றைச் சந்தையிற் சேர்வதில்லை. சுங்க ஒன்றியத்திற் சேர்வதில்லை. மக்கள் தடையின்றிக் குடிபெயரும் முறைக்குத் திரும்புவதில்லை. இவ்வெல்லைகளுக்குள் நின்றே, 2025 மே 19 ஆந் திகதி இலண்டனில், பிரதம மந்திரி கியர் ஸ்டாமரும் ஐரோப்பியத் தலைவர்களும் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். பாதுகாப்பில் ஒத்துழைத்தல், உணவுப் பண்டங்களின் பரிசோதனையைக் குறைத்தல், இளைஞர் சிறிது காலம் மறு நாட்டிற் படிக்கவும் தொழில் செய்யவும் வகைசெய்தல் என்பன அதிற் குறிக்கப்பட்டன. அன்று இடப்பட்டது அத்திவாரமே. வீட்டைக் கட்டுதற்குத் தனித்தனிப் பேச்சுகள் வேண்டியிருந்தன.

உணவு பற்றிய ஏற்பாட்டை நோக்கினால், இப்பேச்சுகளின் உள்ளியல்பு விளங்கும். எல்லையிற் சோதனை குறைய வேண்டுமாயின், இரு பக்கத்துச் சட்டமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஐரோப்பா தன் உணவுச் சட்டத்தை மாற்றும்போது பிரித்தானியாவும் மாற்றுதல் வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. அச்சட்டத்தின் பொருள் பற்றி ஐயம் எழுந்தால், முடிவுரை ஐரோப்பிய நீதிமன்றினுடையது. செலவிற் பங்கும் பிரித்தானியாவுக்கு உண்டு. சட்டம் உருவாகும்போது அது தன் கருத்தைக் கூறலாம், வாக்களித்தல் இயலாது. நோர்வே நாடு 1994 முதல் இத்தகைய நிலையையே, இதனினும் பரந்த அளவில், ஏற்றிருக்கின்றது.

மீன்பிடியிலும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஐரோப்பிய மீனவர் பிரித்தானியக் கடலில் மீன் பிடிக்கும் ஏற்பாடு 2038 ஜூன் வரை நீடிக்கப்பட்டது. நாட்டின் மொத்த வருமானத்தில் மீன்பிடியின் பங்கு மிகச் சிறிது. எனினும், தம் கடல் தமக்கே மீளும் என நம்பி வாக்களித்த கரையோர மக்களுக்கு அது சிறிதாகத் தோன்றவில்லை.

எல்லாப் பேச்சும் கனியவில்லை. ஆயுத உற்பத்திக்கென ஐரோப்பா அமைத்த 150 பில்லியன் யூரோ கடன் திட்டத்திற் சேர்வது பற்றிய பேச்சு, கட்டணத்திற் பிணக்குற்று 2025 நவம்பரில் முறிந்தது. அடுத்த மாதமே வேறொரு கதவு திறந்தது. மாணவர் பரிமாற்றத்துக்குரிய இராஸ்மஸ் திட்டத்தில் 2027 இல் மீண்டும் சேரப் பிரித்தானியா உடன்பட்டது.

இரு தரப்பாரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. வெளியே நிற்பவருக்கு உள்ளிருப்பவரின் நலன் அனைத்தும் கிடைக்குமாயின், உறுப்பினர் கடமைகளைச் சுமப்பது எதற்கு என்று ஐரோப்பா வினவுகின்றது. தாம் தேர்ந்தெடுக்காதோர் இயற்றும் சட்டத்துக்கு மீண்டும் கட்டுப்படுவதாயின், விலகியது எதற்கு என்று பிரித்தானியருள் ஒரு சாரார் வினவுகின்றனர். காணியைப் பங்கிட்டு வேலி அடைத்த சகோதரர், கிணற்றுக்குப் போகும் பாதையைப் பற்றிப் பின்னர் பேசித்தான் ஆகவேண்டும். அப்பாதைக்கு விலை உண்டு. அவ்விலை பணமாகவோ, மீனாகவோ, சட்டம் இயற்றும் சுதந்திரத்தின் ஒரு பகுதியாகவோ இருக்கலாம்.

எந்த விலை தகும் என்பதை அந்நாட்டு மக்களே தீர்மானித்தல் வேண்டும். அதற்கு, பெறும் நன்மையையும் கொடுக்கும் விலையையும் ஆள்வோர் ஒருங்கே எடுத்துரைத்தல் அவசியம். வாக்கெடுப்பில் மக்கள் ஒரு நாளிற் கூறிய விடையின் பொருளை, ஆண்டுகள் பல கடந்தும் அதிகாரிகள் மேசைகளில் இருந்து எழுதிக்கொண்டிருக்கின்றனர். 2016 இல் வாக்களிக்கும் வயதை எட்டாதிருந்த சிறுவர் பலர், இன்று அவ்வெழுத்தின் பயனை நுகரப்போகும் இளைஞராய் வளர்ந்துவிட்டனர்.